பத்தாயத்துக்குள்ள மூணு மாயாவி!

உங்க வீட்டுப் பரண் மேல என்ன கிடக்குதுன்னு கடைசியா எப்போ பார்த்தீங்க? உடைஞ்ச கேரம் போர்டு, அப்பா அம்மா கல்யாண வீடியோ கேசட், ஓடாத சுவர்க் கடிகாரம்... இதுக்கெல்லாம் அடியில சணல் கயிறு போட்டுக் கட்டின ஒரு காமிக்ஸ் கட்டும் இருக்கா? அப்போ நீங்க நம்ம கட்சி. மேல படிங்க. இல்லையா? அப்பவும் படிங்க. கட்சி மாற நேரம் இருக்கு!

எங்க ஆச்சி வீட்டுல பரண் கிடையாது, பத்தாயம் இருக்கு. நாஞ்சில் நாட்டு ஆளுங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மத்த ஊர் நண்பர்களுக்காகச் சொல்றேன்... அறுவடை முடிஞ்சதும் நெல்லைக் கொட்டி வைக்கிற பெரிய மரப்பெட்டி அது. உள்ளே ஒரு ஆள் இறங்கி உட்காரலாம். பூதப்பாண்டிப் பக்கம் இருந்த எங்க வயல் கைவிட்டுப் போனதும் பத்தாயத்துக்கு வேலை இல்லாமப் போச்சு. அந்தக் காலி இடத்துல என் மாமா கொட்டி வெச்சது நெல் இல்லை, காமிக்ஸ். எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 187.

இந்த மாசக் கடைசியில அந்த வீடு கைமாறுது. பாட்டா போனதுக்கு அப்புறம் ஆச்சியால தனியா இருக்க முடியலை. எங்ககூடவே வந்துடப் போறாங்க. கட்டில், அண்டா, அம்மி எல்லாம் எங்கே போகணும்னு முடிவாயிடுச்சு. மிச்சம் இருந்தது பத்தாயம்தான். "மக்கா, அந்தப் பொம்மப் புஸ்தகத்த எடுத்துட்டுப் போறியா, இல்ல வெந்நி அடுப்புல வைக்கட்டா?"ன்னு கேட்டாங்க ஆச்சி. சும்மா மிரட்டுறாங்கன்னு நினைக்காதீங்க. ஆச்சி சொன்னா செய்வாங்க.

உடனே மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். மாமா 2003-ல விமானம் ஏறினவர், இன்னமும் அங்கேதான் இருக்கார். "மாமா, உங்க காமிக்ஸை எல்லாம் என்ன பண்ணட்டும்?" கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "எடே, அது உனக்குள்ளதுதானே. நல்ல வெல கெடச்சா குடுத்துரு. ஃபீஸுக்கு ஆவும்லா?"ன்னார்.

ஆகும்தான். அடுத்த செமஸ்டர் ஃபீஸ்ல எனக்கு 14 ஆயிரம் ரூபாய் குறையுது. பழைய காமிக்ஸைத் தேடித் தேடி வாங்குறவங்க இருக்காங்கன்னும் தெரியும். விக்கணும்னா லிஸ்ட் போடணும். லிஸ்ட் போடணும்னா ஒவ்வொண்ணா எடுத்துத் திறக்கணும். திறந்துட்டுப் படிக்காம மூட முடியுமா பாஸ்? உங்களால முடியுமா?

மூணு நாள் பத்தாயத்துக்குள்ளேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

சிவகாசியில இருந்து வந்த சிங்கங்கள்

கட்டைப் பிரிச்சதும் மூணு ஜாதியா பிரிஞ்சுது... முத்து, லயன், ராணி.

இதுல மூத்தது முத்து காமிக்ஸ். சிவகாசியில சௌந்தரபாண்டியன் 1972-ல தொடங்கினது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. அவரோட மகன் விஜயன் 1984 ஜூலையில லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அப்போ அவர் டீன் ஏஜ் பையன். நாமெல்லாம் அந்த வயசுல எந்த காலேஜ்ல எந்த குரூப் கிடைக்கும்னு கையைப் பிசைஞ்சுட்டு இருந்தோம். அவர் ஒரு பத்திரிகைக்கு ஆசிரியர்! லயனோட முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே 1984 ஜூலையிலதான் தினத்தந்தி குழுமத்துல இருந்து ராணி காமிக்ஸும் வந்துச்சு, ஜேம்ஸ்பாண்டைக் கூட்டிக்கிட்டு. மாசத்துக்கு ரெண்டு இதழ்னு ஓடி, 500 இதழ் போட்டு, 2005-ல நின்னு போச்சு.

நான் பிறந்ததும் 2005-லதான். அதாவது, ராணி காமிக்ஸ் கடையை மூடின வருஷம் நான் கண்ணைத் திறந்திருக்கேன். இந்த ஹீரோக்கள் எல்லாம் பஸ் ஸ்டாண்ட் கடையில கிளிப் மாட்டித் தொங்கின காலத்தை நான் பார்க்கவே இல்லை. பெரிய லீவுக்கு ஆச்சி வீட்டுக்குப் போனா, பத்தாயத்து மூடியைத் தூக்கினா, வசம்பு வாசனையோட அவங்க எனக்காகக் காத்திருப்பாங்க. அவ்வளவுதான் எங்க அறிமுகம்.

எனக்கே எனக்குன்னு வந்த முதல் புத்தகம் 2012 ஜனவரியில வந்த 'லயன் கம்பேக் ஸ்பெஷல்'. லீவுல வந்த மாமா வாங்கித் தந்தார். அப்போ எனக்கு ஏழு வயசு. அந்த வழவழ தாளைத் தடவிப் பார்த்துட்டு, "எங்க காலத்துல சாணித் தாள்லே..."ன்னு மாமா சொன்ன பெருமையைப் பார்க்கணுமே! ஏதோ சாணித் தாள்ல படிச்சா கூடுதல் மார்க் மாதிரி.

எந்த மாயாவி?

எங்க மாவட்டத்துப் பசங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. "மாயாவி படிச்சிருக்கியா?"ன்னு யாராவது கேட்டா, "எந்த மாயாவி?"ன்னு திருப்பிக் கேட்கணும்.

முதல் ஆள், முத்துவோட இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்துல 'வேலியன்ட்'ங்கிற வாரப் பத்திரிகையில 1962-ல பிறந்தவர். நிஜப் பேரு லூயிஸ் க்ராண்டல். ஒரு கை போய் இரும்புக் கை வந்தது. மின்சாரம் பாய்ஞ்சா உடம்பு முழுக்க மறைஞ்சு, இரும்புக் கை மட்டும் அந்தரத்துல தெரியும். படம் வரைஞ்சவர் ஸ்பெயின்காரர், ஜேசுஸ் பிளாஸ்கோ.

ரெண்டாவது ஆள், ராணி காமிக்ஸ் மாயாவி. முகமூடி, மண்டை ஓட்டு மோதிரம், குதிரை, ஓநாய். அமெரிக்காவுல லீ ஃபாக் 1936-ல உண்டாக்கின 'ஃபேன்டம்'தான் இவர். இவரே முத்து காமிக்ஸுக்குப் போனா 'வேதாளர்' ஆயிடுவார். ஒரே ஆளுக்கு ரெண்டு ரேஷன் கார்டு!

மூணாவது ஆள்தான் எங்க ஸ்பெஷல். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் போனா மலையாளப் பத்திரிகைகள் சர்வசாதாரணம். 'பாலரமா'ல 1984-ல இருந்து வர்ற மாயாவி ஒரு குட்டிச் சாத்தான், ஆனா நல்ல பையன். ராஜு, ராதான்னு ரெண்டு பிள்ளைங்களுக்கு உதவி செய்வான். குந்தத்து மேல ஏறிப் பறக்கிற லுட்டாப்பிங்கிற குட்டி வில்லனும் உண்டு. குழித்துறையில இருக்கிற சித்தி வீட்டுக்குப் போனா தம்பி இதைத்தான் படிப்பான். எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து நானே வசனம் போட்டுப்பேன். பல சமயம் அவன் படிச்சுச் சொன்ன கதையைவிட என் கதை கொள்ளாம்னு அவனே ஒத்துக்கிட்டிருக்கான்.

லண்டன் மாயாவி, அமெரிக்க மாயாவி, கோட்டயம் மாயாவி... மூணு பேரும் எங்க ஆச்சி வீட்டுப் பத்தாயத்துல ஒண்ணா படுத்துக் கிடந்தாங்க. உலகமயமாக்கல் பத்தி எங்க காலேஜ்ல செமினார் நடந்தப்போ எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு.

கரண்ட் இல்லாத ஊரில் மாயாவி

நான் படிக்கிறது ட்ரிபிள் ஈ, மூணாவது வருஷம். அதனால இரும்புக்கை மாயாவியை இப்போ படிக்கிறப்போ வாய் சும்மா இருக்க மாட்டேங்குது.

சார், நம்ம வீட்டு மெயின் போர்டுல ஆர்.சி.சி.பி.னு ஒண்ணு இருக்கே, அது 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே 'டப்'புன்னு விழுந்துடும். மாயாவி இந்தக் காலத்து வீட்டுல ப்ளக் பாயின்ட்ல விரலை வெச்சா, அவர் மறையறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கிற வெளிச்சம்தான் மறையும். அடுத்தது, கண்ணு. உடம்பு முழுக்க ஒளி ஊடுருவிப் போகுதுன்னா விழித்திரையிலேயும் ஒளி தங்காது. தங்கலைன்னா பார்வை கிடையாது. மறைஞ்ச நிமிஷமே மாயாவி சுவத்துல முட்டிக்க வேண்டியதுதான்!

இதை மாமாகிட்ட சொன்னேன். "படிச்ச பயலுவளுக்குக் கதை சொல்லவே கூடாதுடே"ன்னு போனை வெச்சுட்டார்.

ஆனா ஒண்ணு. மாயாவிக்குக் கரண்ட் எவ்வளவு முக்கியம்னு இந்தியாவிலேயே நல்லாப் புரிஞ்சவங்க கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்கதான். 2017 நவம்பர் 30, ஓக்கி புயல். அப்போ எனக்கு 12 வயசு. ரப்பர் தோட்டம், வாழைத் தோட்டம் எல்லாம் படுத்துடுச்சு. ஆயிரக்கணக்குல மின்கம்பம் சாய்ஞ்சு கிடந்தது. ஆச்சி தெருவுக்குக் கரண்ட் வர 11 நாள் ஆச்சு. ஸ்கூல் கிடையாது, டி.வி. கிடையாது, போன்ல சார்ஜ் கிடையாது. பத்தாயம் மட்டும் இருந்தது. பகல்ல திண்ணையில, ராத்திரி மண்ணெண்ணெய் விளக்குல, இருந்த காமிக்ஸ் பூராத்தையும் திரும்பத் திரும்பப் படிச்சேன். கரண்ட் இல்லாத ஊர்ல மாயாவி வெறும் க்ராண்டல்தான்னு எனக்குத் தோணினது அப்போதான்.

இப்போ அதே புத்தகங்களை எடுக்கிறப்போ வேற ஒண்ணும் சேர்ந்து வருது. நான் திண்ணையில உட்கார்ந்து பக்கம் புரட்டின அதே நாள்கள்ல தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரையில ஆளுங்க கடலைப் பார்த்து நின்னுட்டு இருந்தாங்க. போன படகுகள்ல நிறைய பேர் திரும்பவே இல்லை. இப்போ என் கிளாஸ்ல அந்தக் கரையில இருந்து வர்ற ஒரு நண்பன் இருக்கான். அவன் அந்த வாரம் பத்தி அதிகம் பேச மாட்டான். நாங்க ரெண்டு பேரும் ஒரே வயசு, ஒரே மாவட்டம். ஆனா அந்த 11 நாள் எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு இல்லை. கடைசிக் கட்டத்துல வந்து எல்லாரையும் காப்பாத்துற ஹீரோவைப் பார்த்தா இப்போ விசில் அடிக்கத் தோணலை. 'உன்னால முடியுது'ன்னு ஒரு பொறாமைதான் வருது.

புதுக் கண்ணாடி

வயசு ஏறினா கண்ணாடியும் மாறும் போல. சின்ன வயசுல கண்ணுல படாதது எல்லாம் இப்போ பக்கத்துக்குப் பக்கம் கண்ணைக் குத்துது.

ராணியோட முகமூடி மாயாவியை எடுத்துக்குங்க. தலைமுறை தலைமுறையா ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் காட்டுல உட்கார்ந்து நீதி வழங்குது. காட்டுக்குச் சொந்தக்காரங்க கைகட்டி நிக்கிறாங்க. ஏன் பாஸ்? நம்ம பேச்சிப்பாறை மலையில காணிக்காரங்க இருக்காங்க. எந்த மரம் எதுக்கு ஆகும், யானை எந்தப் பக்கம் இறங்கும்னு அவங்களுக்குத் தெரியாததையா முகமூடி போட்ட ஒருத்தர் வந்து சொல்லப் போறார்? இன்னொரு சங்கதி. ஆங்கில மூலத்துல அவரோட பரம்பரை எதிரிகளான கடல் கொள்ளைக்காரங்க பேரு 'சிங்' கூட்டம். நம்ம ஊர்ப் பேரை வில்லனுக்கு வெச்ச கதைக்குத்தான் நாம பரம்பரை பரம்பரையா கை தட்டியிருக்கோம்!

லக்கி லூக் வேற மாதிரி. பழைய கதைகள்ல வாயில சிகரெட்டு புகையும். புதுக் கதைகள்ல புல்லு. நான் இதை அச்சுக் கோளாறுன்னே நினைச்சிருந்தேன். விஷயம் என்னன்னா, படைச்ச மோரிஸே 1983-ல சிகரெட்டைப் பிடுங்கிட்டு புல்லைக் குடுத்துட்டார். அதுக்காக 1988-ல உலக சுகாதார நிறுவனமே அவரைக் கௌரவிச்சுது. காமிக்ஸ் ஹீரோவே விட்டுட்டான். நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடி மக்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்புறம் ஸ்பைடர். லயன் படிச்சவங்களுக்குத் தெரியும், இவர் சினிமாவுல வர்ற ஸ்பைடர்மேன் இல்லை. கூர் காது, வலைத் துப்பாக்கி, குற்றவாளியா ஆரம்பிச்சு குற்றவாளிகளைப் பிடிக்கிறவரா மாறினவர். இவரோட கதைகள்ல பலதை எழுதினது யாருன்னு நினைக்கிறீங்க? ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தர்! உலகம் பூரா தெரிஞ்ச அந்த எழுத்தாளர், தன் கதையை நாகர்கோவில்ல ஒரு பையன் தமிழ்ல படிப்பான்னு கனவுலயாவது நினைச்சிருப்பாரா?

தமிழ்ல... அதைச் சொல்லியே ஆகணும். நான் படிச்சது முழுக்க இங்கிலீஷ் மீடியம். தமிழ்னா ஸ்கூல்ல ஒரு பேப்பர், அவ்வளவுதான். மனப்பாடச் செய்யுளைத் தாண்டி நான் தமிழை இஷ்டப்பட்டு வாசிச்சது இந்தச் சாணித் தாள்லதான். 'நயவஞ்சகன்', 'சதிவலை', 'சுரங்கப்பாதை'ன்னு எல்லாம் டெக்ஸ் வில்லரும் கார்சனும்தான் சொல்லித் தந்தாங்க. டெக்ஸ் 1948-ல பிறந்த இத்தாலிக்காரர். செவ்விந்தியர்கள் அவரைக் கூப்பிடுற பேரு 'இரவுக் கழுகு'. எவ்வளவு அழகான தமிழ் பாருங்க. இந்தக் கட்டுரையை நான் தமிழ்ல எழுதுறேன்னா, அதுல பாதிக் காசு அந்தக் கழுகுக்குப் போகணும்.

எழுத்து இருந்தா விலை குறையும்

நாலாவது நாள், மதுரையில இருந்து ஒருத்தர் வந்தார். காமிக்ஸ் சேகரிக்கிறவர், 50 வயசு இருக்கும். அவரோட சின்ன வயசு சேகரிப்பை வீட்டுல பழைய பேப்பருக்குப் போட்டுட்டாங்களாம். 20 வருஷமா ஒண்ணொண்ணா தேடித் திரும்ப வாங்கிட்டு இருக்கார். புத்தகத்தைத் தூக்குற விதத்துலேயே தெரிஞ்சுது, குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்கினார். ஏமாத்துற ஆள் இல்லை. கணக்கை வெளிப்படையாவே சொன்னார்... அட்டை இருக்கணும், பக்கம் முழுசா இருக்கணும், பின் துருப்பிடிச்சிருக்கக் கூடாது. கடைசியா, "பேனாவுல கிறுக்கி இருந்தா விலை குறையும் தம்பி" என்றார்.

எங்க மாமா கிறுக்காத புத்தகம் குறைச்சல்.

முதல் பக்கத்துல தேதி போட்டிருப்பார், வாங்கின இடம் போட்டிருப்பார். '14.4.92, வடசேரி, சித்திரை விசுக் கைநீட்டக் காசு'. 'சுசீந்திரம் தேர் அன்னைக்கு வாங்கினது'. 'பாட்டாவுக்குத் தெரியாது'. ஓரத்துல விமர்சனம் வேற... 'சுமார்', 'செம', 'முடிவு சரியில்ல'. இதையெல்லாம் சின்ன வயசுல நான் தாண்டித் தாண்டிப் படம் பார்த்திருக்கேன். இப்போ படத்தைத் தாண்டி இதை மட்டும் படிச்சுட்டு இருந்தேன். எனக்குத் தெரிஞ்ச மாமா, ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியோட வந்து இறங்குற, வழுக்கை விழுந்த பெரிய மனுஷன். இந்த ஓரங்கள்ல இருந்தது 12 வயசுப் பையன் ஒருத்தன். அவனை எனக்கு அறிமுகம் செய்து வைக்க வேற யாராலயும் முடியாது.

கட்டுக்கு அடியில ஒரு 40 பக்க நோட்டு கிடைச்சுது. மாமா நடத்தின 'வாடகை நூலகம்'! ஒரு புத்தகத்துக்கு ஒரு நாள் வாடகை 25 காசு. யாருக்குக் குடுத்தது, எப்போ வந்தது, எவ்வளவு பாக்கின்னு கோடு போட்டு எழுதியிருக்கார். 25 காசு நாணயமே 2011-ல செல்லாமப் போச்சு. பாக்கி மட்டும் இன்னும் நிக்குது!

அந்த நோட்டுல ஒரு பேர் திரும்பத் திரும்ப வந்துச்சு. 'அக்கா - மாடஸ்டி - காசு தரல'. 'அக்கா - மாடஸ்டி - காசு தரல'. ஒன்பது தடவை.

மாமாவுக்கு ஒரே ஒரு அக்காதான். எங்க அம்மா.

'பொம்ம புக்கு படிச்சா சோறு போடுமா?'ன்னு என் கையில இருந்து காமிக்ஸைப் பிடுங்கின அதே அம்மா! நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா சிரிச்சாங்க. அப்புறம் ஒரு மாடஸ்டியை எடுத்துப் புரட்டிக்கிட்டே மெதுவா சொன்னாங்க... "இவ யாருகிட்டயும் கேக்க மாட்டா பாத்துக்க. அவளே வண்டிய எடுப்பா, போவா, வருவா. எனக்கு நாரோலுக்கு பஸ் ஏறணும்னாகூட ரெண்டு பேருகிட்ட கேக்கணும். அதான் திரும்பத் திரும்பப் படிப்பேன்."

மாடஸ்டி பிளைஸியை பீட்டர் ஓ'டானல் 1963-ல உருவாக்கினார்னு என் லிஸ்ட்டுல எழுதி வெச்சிருந்தேன். யாருக்காக உருவாக்கினார்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

கடைசி நாலு பக்கம்

எல்லார் வீட்டுக் கட்டுலயும் கடைசிப் பக்கம் கிழிஞ்ச ஒரு புத்தகம் கண்டிப்பா இருக்கும். எங்க கட்டுல அது ஒரு டெக்ஸ் கதை. கடைசி நாலு பக்கம் கிடையாது. டெக்ஸ் மலைப்பாதையில குதிரையில விரட்டிட்டுப் போறார், அதோட காலி.

2012 லீவுல மாமா எனக்கு அதோட முடிவைச் சொன்னார். வில்லன் தப்பிச்சு ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள்ள நுழையறான். அங்கே அடிக்கிற காத்துல துப்பாக்கிக் குண்டு திசை மாறுது. டெக்ஸ் முப்பந்தல் காத்தாடிக்குப் பின்னால ஒளிஞ்சு, றெக்கை நிழல் விலகுற நொடியில கயிறை வீசுறார். வில்லன் சிக்கிட்டான்! அதுக்கப்புறம் பஸ்ஸுல அந்தக் கணவாயைத் தாண்டுறப்போ எல்லாம் நான் ஜன்னல் பக்கம் டெக்ஸைத் தேடியிருக்கேன்.

மதுரைக்காரர் ஊருக்குப் போனதும் தன்கிட்ட இருந்த பிரதியில இருந்து அந்த நாலு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினார். கணவாய் இல்லை, காத்தாடி இல்லை. ரெண்டு தடவை சுட்டார், வில்லன் விழுந்தான், டெக்ஸ் கிளம்பிட்டார். மாமாவுக்கு அதை அப்படியே அனுப்பினேன். பதில் வந்துச்சு: "முடிவு சரியில்ல." அதே விமர்சனம், அதே பையன். நடுவுல இத்தனை வருஷம் மஸ்கட்டு வெயில்ல போனது மட்டும்தான் வித்தியாசம்.

கணக்கு முடிஞ்சுது

மொத்தத்தையும் குடுத்தா 16 ஆயிரம் தர்றேன்னார் மதுரைக்காரர். ஃபீஸ் கட்டிட்டு ரெண்டாயிரம் மிஞ்சும். நான் எந்த எழுத்தும் இல்லாத, சுத்தமான 78 புத்தகத்தை மட்டும் குடுத்தேன். 9,500 ரூபாய் தந்தார். அவர் 20 வருஷமா தேடின ரெண்டு நம்பர் அதுல இருந்ததாம். அவர் முகத்தைப் பார்க்கணுமே! புத்தகத்துக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது.

மிச்சம் 109. அதை வெச்சுக்கிட்டதுல எனக்கு 6,500 ரூபாய் நஷ்டம்னு என் ரூம்மேட் கால்குலேட்டர் தட்டிச் சொன்னான். இன்ஜினீயராச்சே! குறையுற 4,500-க்கு, பக்கத்துத் தெருவுல பத்தாவது படிக்கிற ரெண்டு பேருக்கு மேத்ஸ் டியூஷன் எடுக்கிறேன். ரெண்டு மாசத்துல சரியாயிடும்.

கிறுக்கலுக்குக் காசு குறைக்கிறது அவங்க கணக்கு. அதுல தப்பே இல்லை. அவங்களுக்கு வேண்டியது மாயாவி. மாயாவி எந்தப் பிரதியிலயும் ஒரே மாயாவிதான். இன்னைக்கும் சிவகாசியில இருந்து பழைய ஹீரோக்கள் புது அச்சுல வந்துட்டுத்தான் இருக்காங்க, காசு குடுத்தா வாங்கிக்கலாம். விசுக் கைநீட்டக் காசை பாட்டாவுக்குத் தெரியாம காமிக்ஸ் ஆக்கின அந்தப் பையனை யார் மறுபதிப்பு போடுவா?

அதனால, உங்க வீட்டுப் பரணைக் காலி பண்றப்போ ஒரு சின்ன வேலை செய்யுங்க. ஹீரோவைக் கொஞ்சம் ஓரமா நிக்கச் சொல்லிட்டு, பக்கத்தோட ஓரத்தைப் பாருங்க. தேதி இருக்கும், பேர் இருக்கும், டீக்கறை இருக்கும், பஸ் டிக்கெட் இருக்கும். அது யாரோடதுன்னு வீட்டுல கேளுங்க. சத்தியமா சொல்றேன், உங்களுக்குத் தெரியாத ஒரு அம்மாவோ அப்பாவோ அதுக்குள்ள ஒளிஞ்சிருப்பாங்க, இரும்புக் கை மட்டும் வெளியே தெரியற மாதிரி.

இப்போ மாடஸ்டி ஒன்பதும் அம்மாவோட அலமாரியில, புடவைக்கு நடுவுல இருக்கு. நேத்து ராத்திரி வேலை எல்லாம் முடிச்சுட்டு நோட்டையும் கட்டையும் சரிபார்த்துட்டு வந்து, "ஒரு மாடஸ்டி குறையுதே மக்கா"ன்னாங்க. நோட்டைப் பார்த்தேன். உண்மைதான். யாருக்கோ வாடகைக்குப் போனது திரும்பி வரலை.

உங்க வீட்டுப் பரண்ல இருந்தா சொல்லி அனுப்புங்க. பாக்கியைத் தள்ளுபடி பண்ணச் சொல்லி மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்!